தகரப்பெட்டி வாத்தியத்துக்கு எந்தப் பிக்கப்: காந்தமா, தண்டா, டிஸ்க்கா?

பிஸ்கற் தகரத்திலோ சிரட்டையிலோ பலாப்பலகைத் துண்டிலோ மூன்று கம்பி வாத்தியம் ஒன்று செய்தாயிற்று, சரி, கோயில் மண்டபத்தில் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டுமென்றால் உள்ளே எந்தப் பிக்கப்பை, அதாவது அதிர்வை மின்சைகையாக மாற்றும் சாமானை, பூட்டுவது?

காந்தப் பிக்கப்பை முதலிலேயே கழித்துவிடலாம். அது உருக்குக் கம்பியின் அசைவைத்தான் பிடிக்கும். எங்கட பெடியள் மீன்பிடித் தங்கூசி கட்டிச் செய்கிற வாத்தியத்தில் பூட்டினால் ஒரு சத்தமும் வராது. உருக்குக் கம்பி போட்டாலும் சிரட்டையின் குரல் அதில் ஏறுவது குறைவு, பிறகு ஏன் மினைக்கெட்டுச் சிரட்டையில் செய்தீர்கள்? பெரிய ஸ்பீக்கர்களுக்குப் பக்கத்தில் நின்று வாசிப்பவருக்கு மட்டும் அது கைகொடுக்கும், ஏனென்றால் பீசோ (அதிர்வு பட்டால் மின்சாரம் தரும் பீங்கான்) ஊளையிடத் தொடங்கும் சத்தத்திலும் காந்தம் தாக்குப்பிடிக்கும்.

மிச்சம் இருப்பது பீசோவின் இரண்டு வடிவங்கள். கிற்றார்க் குதிரையில் (கம்பிகளைத் தாங்கும் கட்டை) கம்பி படும் எலும்புக்கு அடியில் வைக்கும் தண்டு பார்க்க அழகு, சத்தமும் துல்லியம். ஆனால் அது உட்காரும் காடிப் பள்ளத்தின் அடி மட்டமாக இருக்க வேண்டும், கொஞ்சம் மேடுபள்ளம் இருந்தாலும் ஒரு கம்பி கத்தும், பக்கத்துக் கம்பி முனகும். கை வாளாலும் உளியாலும் காடி வெட்டுகிறவர்களுக்கு இது தலையிடி. மலிவான தண்டுகள் சிலவற்றில் ஆறு கம்பிக்கு ஆறு தனித்தனிப் பீங்கான் துண்டுகள் இருக்கும். எங்கள் மூன்று கம்பியில் ஒன்று இரண்டு துண்டுக்கு நடுவில் விழுந்தால் அது மெலிந்துதான் கேட்கும்.

டிஸ்க் அப்படியில்லை. 27 மில்லிமீற்றர் பித்தளைத் தகடு, மேலே வெள்ளைப் பீங்கான் பூச்சு, அவ்வளவுதான். பழைய மேசைத் தொலைபேசியின் மணியிலும் பஸரிலும் இதே சாமான் கிடைக்கும். கழற்றும்போது தகட்டை நெம்பக்கூடாது, பிளாஸ்ரிக் கூட்டைத்தான் குறட்டால் நொறுக்க வேண்டும், இல்லாவிட்டால் பீங்கானில் மயிரிழை வெடிப்பு விழும். வயர் ஏற்கெனவே ஒட்டியிருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக ஈயம் வைப்பதென்றால் பூச்சின் ஓரத்தில் தொட்டவுடன் எடுத்துவிட வேண்டும், சூட்டுக்கோலைப் பிடித்துக்கொண்டே இருந்தால் வெள்ளிப் பூச்சு உரிந்து வந்துவிடும்.

டிஸ்க்கின் குறை, எல்லாவற்றையும் கேட்பது. சட்டைக்கை பெட்டியில் உரசினாலும் கேட்கும். எங்கே ஒட்டுவது என்பதை முதலில் இரட்டைப்பக்க ரேப்பால் ஒட்டி ஒட்டிப் பாருங்கள்: மூடியின் நட்டநடுவில் சத்தம் 'பொம்'மென்று வீங்கும், ஓரத்துக்குப் போகப் போக மெலியும், எனக்குப் பிடித்தது குதிரைக்கு ஒரு விரல் தள்ளி. இடம் பிடிபட்டதும் பித்தளைப் பக்கம் மரத்தில் படும்படி சூப்பர் குளூ மெல்லிசாகப் போட்டால் சத்தம் கூர்மை, சூட்டுப் பசை என்றால் கொஞ்சம் மழுங்கும். பீசோவுக்கே உரிய அந்த வாத்துக் குரல் பிடிக்காதவருக்குச் சூட்டுப் பசைதான் நல்லது.

ஆனால் 'டிஸ்க் தகரச் சத்தம்' என்று குறை சொல்கிறவர்களில் பாதிப்பேர் அதை நேரே மிக்சரில் குத்துகிறவர்கள். 27 மில்லிமீற்றர் டிஸ்க்கின் கொள்ளளவம் (மின்னேற்றத்தைப் பிடித்துவைக்கும் அளவு) ஏறத்தாழ 20 நானோஃபரட். மிக்சரின் லைன் வாயின் (சைகை நுழையும் துளையின்) மின்தடை 10 கிலோஓம் என்று வையுங்கள்; இரண்டும் சேர்ந்தால் கிட்டத்தட்ட 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதெல்லாம் தேயத் தொடங்கும். கிற்றாரின் ஆக மெல்லிய கம்பியே அழுத்தாமல் மீட்டினால் 330 ஹெர்ட்ஸ்தான்! அதே டிஸ்க்கை 1 மெகாஓம் வாயுள்ள கிற்றார் அம்ப்ளிஃபயரில் (அம்ப்) குத்தினால் அந்த எல்லை 8 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். அம்ப் இல்லையா, ஒரு எம்பிஎஃப்102 ட்ரான்சிஸ்ரர் வைத்த சின்னப் பஃபர் (டிஸ்க்குக்கும் மிக்சருக்கும் நடுவில் நிற்கும் சுற்று), 9 வோல்ட் பற்றரி, பெட்டிக்குள்ளேயே அடங்கும். தண்டின் கொள்ளளவம் இதைவிடக் குறைவு, அதற்குப் பஃபர் இல்லாமல் முடியவே முடியாது, அந்தச் செலவையும் சேர்த்துத்தான் விலை பார்க்க வேண்டும்.

இரைச்சல் விஷயத்தில் தகரப்பெட்டிக்காரருக்கு யோகம். பித்தளைப் பக்கத்து வயரையும் ஜக்கின் (வயர் குத்தும் துளையின்) ஏர்த்தையும் பெட்டியோடு சேர்த்துவிட்டால் பெட்டியே கவசம். மரத்துக்கும் சிரட்டைக்கும் உள்ளே செப்பு ரேப் ஒட்ட வேண்டும். சமையலறை அலுமினியத் தாளும் போதும், அதில் ஈயம் பிடிக்காது என்பதால் வயரின் நுனியை ஒரு திருகாணியால் அழுத்திவிடுங்கள்.