விளம்பரத்துக்கு மாதம் பத்தாயிரம்: நோட்டீஸா, வாட்ஸப்பா, ரீல்ஸா?

புதிதாகக் கடை போட்டவர்கள் முதல் ஆறு மாதத்துக்குள் கட்டாயம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "விளம்பரத்துக்கு எதுல காசு போடலாம்?" அச்சகக்காரர் நோட்டீஸ் என்பார். கேபிள்காரர் ஸ்க்ரோலிங் என்பார். வீட்டுப் பிள்ளைகள் இன்ஸ்டாகிராம் என்பார்கள். அவரவர் பார்த்த அளவில் எல்லாம் சரிதான். ஆனால் என்ன விற்கிறீர்கள் என்று கேட்காமல் சொல்லப்படும் எந்தப் பதிலையும் நம்பிக் காசை இறக்கக் கூடாது.

அதனால் இங்கே இரண்டு கடைகளைக் கற்பனை செய்துகொள்வோம். ஒன்று, காங்கேயம், தாராபுரம் மாதிரியான ஊரில் ஒரு மரச்செக்கு எண்ணெய்க் கடை. இன்னொன்று, அதே ஊரில் வீட்டு மாடியில் நடக்கும் ஆரி வேலை ரவிக்கைத் தையலகம். இரண்டுக்கும் மாதம் பத்தாயிரம் ரூபாய் விளம்பரக் காசு என்று வைத்துக்கொள்வோம். எண்ணெய் வாங்குகிறவர் மாதாமாதம் வாங்குவார், ஐந்தாறு கிலோமீட்டருக்குள் குடியிருப்பார், பிடித்துப்போனால் வருடக்கணக்கில் கடை மாற மாட்டார். கல்யாண ரவிக்கைக்கு வருகிறவரோ எப்போதாவது ஒருமுறை வருவார். ஆனால் வேலைப்பாடு பிடித்துவிட்டால் ஐம்பது கிலோமீட்டர் தள்ளியிருந்தும் வருவார், ஒரே ஆர்டரில் ஆயிரக்கணக்கில் கொடுப்பார். எது லாபம், எது நஷ்டம் என்பது இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

பேப்பர் விளம்பரமும் பேப்பருக்குள் நோட்டீஸும்

இரண்டும் ஒன்று போலத் தோன்றும், ஆனால் வேறு வேறு. நாளிதழில் விளம்பரம் கொடுத்தால் அந்தப் பதிப்பு போகும் ஊர்களுக்கெல்லாம் சேர்த்துக் காசு கொடுக்கிறோம். கோவைப் பதிப்பில் வந்த எண்ணெய் விளம்பரத்தைப் பொள்ளாச்சியில் ஒருவர் பார்த்து நமக்கு என்ன பயன்? அவர் வரப்போவதில்லை. ஊரில் இரண்டாவது கிளை திறக்கும் நாளுக்கு வேண்டுமானால் சரி. ஆள் தேவை என்றால் வரி விளம்பரம் இன்றைக்கும் நன்றாக வேலை செய்கிறது. மாதாமாதம் கொடுப்பதற்கு அது சின்னக் கடையின் சமாச்சாரம் இல்லை.

நோட்டீஸ் அப்படியில்லை. விடியற்காலை நான்கு மணிக்குப் பேருந்து நிலையம் பக்கம் போனால் பார்க்கலாம். மூடிய கடை வாசலில் பேப்பர் கட்டுகளைப் பிரித்துப் போட்டு, பையன்கள் ஒவ்வொரு பேப்பருக்குள்ளும் நோட்டீஸைச் சொருகிக்கொண்டிருப்பார்கள். எந்த முகவரின் ஆள் எந்தத் தெருவுக்குப் போகிறார் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். "வடக்குத் தெருவுக்கும் புது ஹவுசிங் யூனிட்டுக்கும் மட்டும் போடுங்க" என்று சொல்லலாம், போடுவார்கள். தெருக்கணக்காகப் பிரித்துக் கொடுக்கும் வசதி நாளிதழ் விளம்பரத்தில் இல்லை.

இன்றைக்குப் பேப்பர் வாங்கும் வீடுகளில் பெரும்பாலும் நடுத்தர வயதைத் தாண்டியவர்கள்தான் அதைப் படிக்கிறார்கள். செக்கு எண்ணெய் வாங்கலாமா என்று யோசிப்பவர்களிலும் அவர்கள்தான் அதிகம். எனவே எண்ணெய்க் கடைக்கு நோட்டீஸ் பொருத்தமான வழி. "இந்த நோட்டீஸைக் கொண்டு வந்தால் லிட்டருக்கு 20 ரூபாய் குறைவு" என்று ஒரு வரி சேர்த்தால், எத்தனை பேர் நோட்டீஸைப் பார்த்து வந்தார்கள் என்பதும் கைக்குக் கிடைத்துவிடும். 5,000 நோட்டீஸ் போட்டு 50 பேர் வந்து, அதில் 20 குடும்பம் மாதம் இரண்டு லிட்டர் வாங்கும் நிலைக்கு வந்துவிட்டால், மாதம் 40 லிட்டர் நிரந்தர வியாபாரம். ஆரி ரவிக்கைக்கு இதே நோட்டீஸ் வீண். நூல் வேலையின் நுணுக்கம் நோட்டீஸ் தாளின் அச்சில் தெரியாது.

உள்ளூர் கேபிளில் ஓடும் ஸ்க்ரோலிங் மலிவுதான், ஆனால் அந்த வரியை நின்று படிக்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள். எஃப்எம் விளம்பரம் திரும்பத் திரும்ப ஒலித்தால்தான் மனத்தில் பதியும். அதற்கு நம் பத்தாயிரம் போதாது. ஃப்ளெக்ஸ் பேனர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அனுமதி இல்லாமல் ரோட்டோரம் கட்டாதீர்கள். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் சாலை நடுவே கட்டியிருந்த பேனர் விழுந்து, ஸ்கூட்டரில் போன ஓர் இளம்பெண்ணின் உயிர் போனது. விற்பனைக்காக யாரும் எடுக்கக் கூடாத ஆபத்து அது.

செய்தியாக வருவது

காசு கொடுத்து வரும் விளம்பரத்தைவிட, பத்திரிகை தானாக எழுதும் கட்டுரைக்கு மதிப்பு பல மடங்கு. பசுமை விகடன், அவள் விகடன் போன்ற இதழ்களும் நாளிதழ்களின் இணைப்புகளும் சின்னத் தொழில் செய்பவர்களைப் பற்றித் தொடர்ந்து எழுதுகின்றன. விவசாயக் கட்டுரைகளின் அடியில் "தொடர்புக்கு" என்று செல்போன் எண் போடும் வழக்கமும் இருக்கிறது. அந்த எண்ணுக்கு வெளியூர்களிலிருந்தெல்லாம் அழைப்பு வரும்.

ஆனால் "நாங்க கடை திறந்திருக்கோம்" என்பது நிருபருக்குச் செய்தி ஆகாது. சொந்த வயலின் கடலையைத் தானே ஆட்டி விற்கும் விவசாயி, பிண்ணாக்கை அக்கம்பக்கத்து மாட்டுக்காரர்களுக்குக் கொடுத்துப் பால் வாங்கும் ஏற்பாடு, நின்றுபோன தாத்தா காலத்துச் செக்கை மறுபடி ஓட்டிய பேத்தி என்று சொல்ல ஏதாவது இருக்க வேண்டும். இருந்தால் நான்கு வரியில் எழுதி, தெளிவான இரண்டு புகைப்படத்தோடு அனுப்புங்கள். கட்டுரை வருவதற்கு முன்பே கூரியர், பேக்கிங், விலைப்பட்டியல் எல்லாவற்றையும் தயாராக வைத்திருங்கள். அழைப்பு குவிவது முதல் சில நாட்கள்தான். அந்த நேரத்தில் போன் எடுக்க ஆளில்லை என்றால் அத்தனை பேரும் போனவர்கள் போனவர்கள்தான்.

கூகுள் மேப்பும் வாட்ஸப்பும்

இந்த இரண்டுக்கும் காசு வேண்டாம், நேரம் மட்டும் போதும். இரண்டு கடைக்காரர்களும் வேறு எதைச் செய்வதற்கு முன்பும் இவற்றை முடித்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

"பக்கத்துல செக்கு எண்ணெய்" என்று ஒருவர் போனில் தேடுகிறார் என்றால், அவர் வாங்கும் எண்ணத்தோடு தேடுகிறார். நோட்டீஸும் ரீல்ஸும் சும்மா இருப்பவரைத் தொட்டுக் கூப்பிடுகின்றன. மேப்பில் அவரே நம்மைத் தேடி வருகிறார். தேடுவதற்கு எவ்வளவு பொருந்துகிறது, எவ்வளவு தூரம், கடை எவ்வளவு பெயர் பெற்றது என்ற மூன்றையும் வைத்துத்தான் கூகுள் வரிசைப்படுத்துகிறது. தூரத்தை நாம் மாற்ற முடியாது. மற்ற இரண்டும் நம் கையில் இருக்கின்றன: சரியான வகை, திறக்கும் நேரம், செக்கு, கடை முகப்பு, பாட்டில்களின் படங்கள், வாடிக்கையாளர் எழுதும் கருத்துகள். கடைப் பெயரோடு "சிறந்த சுத்தமான நாட்டு எண்ணெய்" என்றெல்லாம் ஒட்டிவிடக் கூடாது. போர்டில் என்ன பெயரோ அதைத்தான் போட வேண்டும், மீறினால் பக்கத்தையே முடக்கிவிடுவார்கள். கருத்து எழுதினால் அரை லிட்டர் இலவசம் என்பதும் விதிக்கு விரோதம். பில் கொடுக்கும்போது வாய்விட்டுக் கேட்டாலே போதும், பலர் எழுதுவார்கள். யாராவது குறை எழுதினால் சண்டைக்குப் போகாமல் பதில் எழுதுங்கள். அடுத்து வருகிறவர் குறையைப் படித்த கையோடு உங்கள் பதிலையும் படிப்பார்.

வாட்ஸப் பிசினஸ் 2018-இல் வந்தது. பொருள்களின் படம், விலை எல்லாம் அடுக்கிவைக்க அதில் கேட்டலாக் உண்டு. ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேரைச் சேர்க்கலாம். பலரும் கவனிக்காத சங்கதி, நம் எண்ணைத் தம் போனில் பதிந்து வைத்தவர்களுக்கு மட்டும்தான் அந்தச் செய்தி போகும். எனவே "நம்ம நம்பரை சேவ் பண்ணிக்கோங்கக்கா, புது எண்ணெய் ஆட்டுற அன்னைக்கு ஸ்டேட்டஸ் போடுவேன்" என்று கல்லாவிலேயே சொல்லிவிட வேண்டும். மொத்தமாக எண்களை விலைக்கு வாங்கி, ஏதோ ஒரு மென்பொருளில் அனுப்பினால் எண்ணையே தடை செய்துவிடுவார்கள், வாடிக்கையாளரும் எரிச்சலடைவார்.

ஸ்டேட்டஸ் 24 மணி நேரம் இருக்கும். செக்குக் கடைக்கு அதற்கேற்ற காட்சி தினமும் இருக்கிறது. எள் ஆட்டும்போது வாகை மர உலக்கை சுற்றுகிறது, உடைத்த கருப்பட்டியை ஒரு கை அள்ளிப் போடுகிறார்கள், கொஞ்ச நேரத்தில் அடியிலிருந்து எண்ணெய் கலங்கலாக ஒழுகத் தொடங்குகிறது. பக்கத்துச் சிலேட்டில் அன்றைய தேதி. இருபது வினாடி போதும், பின்னணிப் பாட்டுகூட வேண்டாம். காலை ஏழு மணிக்கு அதைப் பார்க்கிறவர் ஏற்கெனவே நம் எண்ணெயில் சமைத்தவர். பாட்டில் காலியாகிக்கொண்டிருப்பது அப்போதுதான் அவர் நினைவுக்கு வரும். தீபாவளிப் பலகாரத்துக்குக் கடலை எண்ணெய், கார்த்திகைக்கு விளக்கெண்ணெய், வெயில் காலத்தில் ஊறுகாய்க்கு நல்லெண்ணெய் என்று பருவத்துக்கேற்ப ஒரு வரி சேர்த்தால் இன்னும் நல்லது.

இன்ஸ்டாகிராமும் யூடியூபர்களும்

ஆரிக் கடைக்கு இன்ஸ்டாகிராம்தான் உயிர். வேலைப்பாட்டைக் கண்ணால் பார்த்துத்தான் ஆர்டர் வருகிறது. முடிந்த ரவிக்கையைவிட, சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியில் ஊசி ஏறி இறங்கும் காட்சியை அதிகம் பேர் நின்று பார்க்கிறார்கள். எப்போது போடுவது என்பதும் முக்கியம். ஆடியில் கல்யாணம் கிடையாது என்று பலரும் கணக்கையே தூங்கப் போட்டுவிடுகிறார்கள். அது தவறு. ஆவணி முகூர்த்தத்துக்குப் புடவை எடுப்பவர்கள் ஆடியில்தான் மாதிரி தேடுகிறார்கள். அதேபோல மார்கழியில் போட்டால்தான் தை முகூர்த்தம் கிடைக்கும். ஆரிக் கடையின் பத்தாயிரத்தில் பெரும்பகுதியை இந்த இரண்டு மாதங்களில், சுற்றியுள்ள ஊர்களைக் குறிவைத்து விளம்பரம் ஓட்டச் செலவு செய்யலாம். இணைய விளம்பரத்துக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், நாளிதழில் இடம் வாங்கினால் 5 சதவீதம். விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் முறையில் இருப்பவர்கள் இந்த ஜிஎஸ்டியைத் தம் வரியில் கழித்துக்கொள்ள முடியாது, பட்ஜெட்டிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய்க் கடைக்கு ரீல்ஸ் தேவையில்லை என்று சொல்லவில்லை. ஸ்டேட்டஸுக்கு எடுத்ததையே அங்கேயும் போடலாம். ஆனால் ஒரு லட்சம் பேர் பார்த்தார்கள் என்பதில் மயங்க வேண்டாம். அவர்களில் நம் ஊர்க்காரர் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி. கூரியரில் எண்ணெய் அனுப்பினால் பாட்டில் கசிவும் அனுப்பும் செலவும் லாபத்தில் பெரும் பங்கைத் தின்றுவிடும்.

காசு கேட்கும் யூடியூபரை அழைப்பதில் இன்னும் நிதானம் வேண்டும். வீடியோ வந்த வாரம் கூட்டம் வரும். அந்தக் கூட்டத்தில் காத்திருந்து சலித்துப்போவது நம் பழைய வாடிக்கையாளர். புதிதாக வந்தவர் அடுத்த வாரம் அடுத்த வீடியோக் கடைக்குப் போயிருப்பார். காசு கொடுத்து எடுக்கும் வீடியோவில் அது விளம்பரம் என்று காட்ட வேண்டும் என்பது 2021-இலிருந்து விளம்பரத் தர கவுன்சிலின் (விளம்பரத் துறையே அமைத்துக்கொண்ட கண்காணிப்பு அமைப்பு, ASCI) விதி. தவறான விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. எண்ணெயில் இது இன்னும் கண்டிப்பு: "கொலஸ்ட்ராலை எதிர்க்கும்", "இதயத்துக்கு இதம்" என்ற வகைச் சொற்களை எண்ணெய் லேபிளில் போடவே உணவுப் பாதுகாப்பு விதிகள் தடை செய்திருக்கின்றன. கேமரா முன்னால் ஆர்வத்தில் யூடியூபர் அதைச் சொல்லிவிட்டால் மாட்டிக்கொள்வது கடைக்காரரும்தான்.

இன்னொரு விஷயம். 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் தடை செய்யப்பட்டபோது, அதை மட்டுமே நம்பி விற்றவர்களுக்கு ஒரே இரவில் பார்வையாளர் அத்தனை பேரும் போய்விட்டார்கள். ரீல்ஸ் மூலம் யார் வந்தாலும் அவருடைய போன் எண்ணை வாங்கி எழுதிவையுங்கள். அந்தப் பட்டியல் மட்டும்தான் நம்முடையது.

என் கணக்கு

எண்ணெய்க் கடைக்கு: முதல் இரண்டு மாதம் முக்கால் பங்கு காசை நோட்டீஸுக்கு, மீதியை நல்ல பெயர்ப் பலகைக்கும் கல்லாப் பக்கம் ஒட்டும் கியூஆர் அட்டைக்கும். மூன்றாம் மாதத்திலிருந்து பாதிக் காசைக்கூடச் செலவு செய்ய வேண்டியிருக்காது. மேப்பும் ஸ்டேட்டஸும் பார்த்துக்கொள்ளும். தீபாவளிக்கு முன்னால் மட்டும் மறுபடி ஒரு சுற்று நோட்டீஸ்.

ஆரிக் கடைக்கு: நோட்டீஸே வேண்டாம். ஒரு நல்ல விளக்கும் போன் ஸ்டாண்டும் வாங்கியது போக, மீதியை ஆடிக்கும் மார்கழிக்கும் சேர்த்து வையுங்கள்.

இரண்டு கடையிலும் பில் புத்தகத்தின் ஓரத்தில் "எப்படித் தெரிந்து வந்தார்" என்று ஓர் எழுத்துக் குறியுங்கள்: நோட்டீஸ் என்றால் 'நோ', மேப் என்றால் 'மே', தெரிந்தவர் சொல்லி என்றால் 'தெ'. எண்ணெய்க் கடையில் மூன்று மாதக் கணக்கு போதும், எதை நிறுத்தலாம் என்று தெரிந்துவிடும். ஆரிக் கடைக்கு அந்த அவசரம் கூடாது. ஆடியில் ரீல்ஸைப் பார்த்துச் சேமித்து வைத்தவர் துணியோடு படியேறி வர ஆவணி ஆகும், சிலருக்கு ஐப்பசியும் ஆகும். அதுவரை ரீல்ஸ் விளம்பரம் வீண் என்று முடிவு கட்டாதீர்கள்.