சட்டனூகாவில் ஸ்டர்ஜன் மீனைத் தொட்டுப் பார்க்கலாம்

அமெரிக்காவின் சட்டனூகா நகரில், டென்னசி ஆற்றங்கரையில் 1992ஆம் ஆண்டு திறக்கப்பட்ட டென்னசி அக்வேரியத்தில், கடல் உயிரினங்களைவிட நன்னீர் உயிரினங்களே என்னை அதிகம் ஈர்த்தன. ஆற்று உயிரினங்களுக்கான கட்டடத்தில் முதலில் மேல்தளத்துக்கு ஏறி, அப்பலாச்சிய மலைக்காட்டின் ஓடைகளில் தொடங்கி, மெக்சிகோ வளைகுடா வரை நீரின் போக்கிலேயே படிப்படியாகக் கீழே இறங்கி வருமாறு பாதையை அமைத்திருக்கிறார்கள்.

குழந்தைகள் எளிதில் நகர மறுக்கும் இடம் ஸ்டர்ஜன் மீன்களின் தொடுதொட்டி. கையைக் கழுவிவிட்டு, இரண்டு விரல்களால் முதுகை மெல்ல வருடினால், வழுவழுப்பான தோலுக்கு இடையே வரிசையாக எழும்பி நிற்கும் எலும்புத் தகடுகள் விரலில் தட்டுப்படுகின்றன. அணைகளாலும் மிகைமீன்பிடிப்பாலும் நீர் மாசாலும் டென்னசி ஆற்றில் அற்றுப்போன ‘ஏரி ஸ்டர்ஜன்’ என்ற இனத்து மீன்களை வளர்த்து 2000ஆம் ஆண்டு முதல் மீண்டும் ஆற்றில் விடும் கூட்டுமுயற்சியில் இந்நிறுவனத்துக்கும் பங்குண்டு என்பதால், இந்தத் தொட்டியை வெறும் வேடிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது.

2005இல் சேர்க்கப்பட்ட கடல் கட்டடத்தில் திருக்கைகளையும் தொடலாம். சுறாக்களும் பென்குவின்களும் உண்டு. எனினும் அவற்றைப் பிற ஊர்களிலும் காணலாம் என்பதால், நேரம் குறைவாக இருப்பவர்கள் ஆற்றுக் கட்டடத்தையே முதலில் பார்ப்பது நல்லது.