ஒன்றே ஒன்று வாங்குவதானால் குடில் வாங்குங்கள்: டவுன்ஹால் கடைவீதிக் கிறிஸ்துமஸ் சாமான்கள்

வீட்டில் துக்கம் நடந்த வருஷம் வாசலில் ஸ்டார் கட்டுவதில்லை என்பது நம் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் பலவற்றில் வழக்கம். பலகாரமும் சுடமாட்டார்கள், அக்கம்பக்கத்தார்தான் கொடுத்தனுப்புவார்கள். துக்கம் இல்லாவிட்டாலும், பனியன் கம்பெனியில் ஆர்டர் குறைந்து சம்பளம் பாதியான வீடு, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைகிற வீடு என்று எத்தனையோ உண்டு. அப்படிப்பட்ட வருஷத்தில் கையில் இருக்கிற கொஞ்சம் காசையும் தெம்பையும் எதில் போடலாம்? கோயம்புத்தூர் டவுன்ஹால், பெரிய கடைவீதிப் பக்கம் டிசம்பரில் குவியும் சாமான்களை அந்தக் கண்ணோடுதான் இங்கே பார்க்கிறோம்.

முதல் இடம், ஏசு பிறந்த மாட்டுத்தொழுவத்தைப் பொம்மைகளால் காட்டும் குடிலுக்கு. ஸ்டார் ஒரு சாயங்காலத்து வேலை, கட்டினால் முடிந்தது. குடில் பத்து நாள் கைக்கு வேலை கொடுக்கும். மனசு சரியில்லாத வீட்டில் தினமும் கால்மணி நேரம் செய்வதற்கு ஒரு நல்ல காரியம் இருப்பது பெரிய ஆறுதல். குழந்தைகளும் பெரியவர்களும் ஒரே இடத்தில் உட்காருவார்கள்.

கடைகளில் குடிலுக்கான சுரூப செட், அதாவது பொம்மை செட், ஆறு அங்குலம், ஒன்பது அங்குலம், ஓரடி என்று கிடைக்கும். வாடகை வீட்டுக்கு ஆறு அங்குலம் போதும். இரண்டடிக்கு ஒன்றரையடிப் பலகையில் அடங்கிவிடும். ஓரடி செட் என்றால் நான்கடிக்கு மூன்றடி இடம் வேண்டும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் விலை குறைவு, ஆனால் ஈரத்தை உறிஞ்சும். ஈர மணலில் நேராக வைத்தால் சில நாளில் அடியிலிருந்து பெயின்ட் உப்பி உரியும். அடிப்பாகத்தில் இரண்டு கோட் வார்னிஷ் அடித்து, ஒவ்வொன்றின் கீழும் ஒரு டைல்ஸ் துண்டு வைத்தால் தப்பிக்கலாம். ரெசின் செட் இரண்டு மூன்று மடங்கு விலை. ஆனால் ஆட்டுக்குட்டியின் கால் உடைந்தாலும் அரால்டைட் போட்டால் பிடித்துக்கொள்ளும், வருஷக்கணக்கில் உழைக்கும். முடிந்தவர்கள் ரெசினே எடுங்கள். முடியாதவர்கள் இந்த வருஷம் பாலன் (குழந்தை ஏசு), மாதா (மரியாள்), சூசையப்பர் (யோசேப்பு) மூன்று மட்டும் ரெசினில் வாங்கி, ராஜாக்களையும் இடையர்களையும் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம். அளவு மட்டும் மாறக்கூடாது.

கடையில் பெட்டியைத் திறக்கச் சொல்லிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். உடைந்ததற்குப் பதிலாக வேறு செட்டிலிருந்து எடுத்து வைத்திருப்பார்கள். சூசையப்பரைவிட இடையர் உயரமாக நிற்பது அப்படித்தான். ஒவ்வொன்றையும் கண்ணாடி மேசையில் நிறுத்தி ஆடுகிறதா என்று பாருங்கள். மாதாவின் முகத்தைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். நல்ல வேலையாக இருந்தால் கருவிழி கீழே பாலனை நோக்கி இருக்கும். அவசர வேலையில் இரண்டு கறுப்புப் புள்ளி நேரே எதிர்ச் சுவரைப் பார்க்கும். பாலன் முன்னணையோடு, அதாவது படுத்திருக்கும் தீவனத்தொட்டியோடு, ஒட்டாமல் தனியாக இருக்கிற செட்டே வேண்டும், ஏனென்றால் பாலன் பிறக்கும் 24 இரவு வரை முன்னணை காலியாக இருக்க வேண்டும்.

செட்டோடு வரும் மாடு பெரும்பாலும் திமிலே இல்லாத சீமை மாடு. உடுமலைப் பக்கம் சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயிலுக்குப் பொங்கலில் மண் உருவாரம் வைப்பது வழக்கம், அதற்காகச் செய்யும் சின்ன மாட்டு உருவாரம் ஒன்று கிடைத்தால் அதை வையுங்கள். சாம்பல் நிறம் அடித்து, திமிலையும் கழுத்தையும் கொஞ்சம் கருக்கினால் காங்கேயம் காளை தயார். கூரைக்குக் கடையில் விற்கும் பிளைவுட் கொட்டகையைவிடத் தென்னங்கீற்று வேய்ந்த சின்னச் சாளை எவ்வளவோ அழகு.

பசுமைக்குக் கடையில் விற்கும் பச்சைச் சாயமேற்றிய பாசி வேண்டாம், தண்ணீர் பட்டால் சுரூபத்தில் ஒட்டும். கம்பு முளைக்கப் போடுங்கள். 100 கிராம் கம்பு ஓரடிக்கு ஒன்றரையடித் தட்டுக்கு ஏறக்குறைய சரியாக இருக்கும். குத்தாத முழுக்கம்பு என்று கேட்டு வாங்க வேண்டும், குத்தினது முளைக்காது. ராத்திரி ஊறவைத்து, காலையில் வடித்து, ஈரத்துணியில் ஒருநாள் கட்டி வைத்து, வெள்ளை முளை எட்டிப் பார்த்ததும் ஓரங்குலக் கனத்துக்குப் பரப்பிய தேங்காய் நார்க்கழிவின் மேல் நெருக்கமாகத் தூவுங்கள். பொள்ளாச்சிப் பக்கத்து நார்க்கழிவுக் கட்டி நன்றாக ஊதும், ஆனால் உப்பு இருக்கும். இரண்டு தண்ணீரில் அலசிப் பிழியாவிட்டால் பயிரின் நுனி கருகும். தண்ணீர் தினம் ஒருமுறை தெளித்தால் போதும், தேங்கினால் வெள்ளைப் பூஞ்சை பிடித்து நாறும். மார்கழிக் குளிரில் முளைப்பு மெதுவாகத்தான் வரும், அதனால் டிசம்பர் 13, 14 தேதிக்குள் போட்டுவிடுங்கள்.

ஸ்டார் கட்டாத வீட்டுக்கு இன்னொரு வழி திருவருகைக்கால வளையம், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளுக்கான மெழுகுவர்த்தி வளையம். 1839ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கு விடுதி நடத்திய யோஹான் வீஹெர்ன் என்ற போதகர், கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டே இருந்த அந்தப் பிள்ளைகளுக்காகப் பழைய வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை நட்டு ஆரம்பித்தது அது. இப்போது நான்கு மெழுகுவர்த்தி, ஞாயிறுக்கு ஒன்று கூடுதலாக ஏற்றுவது. ரெடிமேடாக விற்கும் பிளாஸ்டிக் இலை வளையத்தை வாங்க வேண்டாம். மெழுகுவர்த்தி தேய்ந்ததும் சுடர் இலையைத் தொடும். ஒரு எவர்சில்வர் தாம்பாளம், இரண்டங்குல மணல், சுற்றிலும் வேப்பிலையோ மாவிலையோ போதும்.

ஸ்டாரில், போர்டிகோவுக்குள் தொங்கவிடுவதானால் பேப்பர் ஸ்டார்தான். அந்த வெளிச்சம் பிளாஸ்டிக்கில் வராது. திறந்த மாடியில் பனி இறங்கினால் மடிப்புகளில் பசை விடும், அங்கே பிளாஸ்டிக் போடுங்கள். 60 வாட் குண்டு பல்பு பேப்பரைக் கருக்கும். 5 அல்லது 7 வாட் எல்இடி, மஞ்சள் வெளிச்சம், பல்பு நடுவில் எதையும் தொடாமல் தொங்க வேண்டும். வயரை வெளியே முறுக்கி டேப் சுற்றாதீர்கள், இடையில் இணைப்பில்லாத ஒரே நீள வயராக வாங்குங்கள். எல்இடி ஸ்டாரில் அடாப்டர் தனியாகக் கழற்றுகிற மாதிரி இருந்தால் மட்டும் எடுங்கள். போவது பெரும்பாலும் அடாப்டர்தான், உள்ளே ஒட்டியிருந்தால் ஸ்டாரையே தூக்கிப்போட வேண்டும்.

சீரியல் லைட்டில் 230 வோல்ட் செட்டைக் குடிலுக்குள் விடவே கூடாது. கீற்றும் வைக்கோலும் இருக்கிற இடம் அது. யூஎஸ்பியில் எரியும் 5 வோல்ட் செம்புக்கம்பி லைட் போதும். வாங்கும்போது, "ஏனுங்ணா, பத்து நிமிஷம் எரியவிட்டுக் காட்டுங்க" என்று கேளுங்கள். கன்ட்ரோல் பெட்டி கைக்குச் சுட்டால் வேண்டாம்.

மரம் கடைசி. கடையில் தொங்கும் ஐந்தடி மரங்களில் பலவற்றுக்கு உள்தண்டு தெரிகிற அளவுக்குத்தான் இலை, நிற்கிற காலும் பிளாஸ்டிக். ஒரு சவுக்குக் கிளையை மணல் வாளியில் நட்டு, திருப்பூர் பனியன் வேஸ்ட்டை அகலவாக்கில் ஓரங்குலப் பட்டையாக வெட்டி இழுத்துவிட்டால் அது தானே சுருண்டு தோரணமாகும்.

மூன்று ராஜாக்கள் திருநாளான ஜனவரி 6க்குப் பிறகு பிரிக்கும்போது சுரூபங்களை நியூஸ்பேப்பரில் சுற்றாதீர்கள், மை ஒட்டும். பழைய பருத்தி வேட்டித் துணி நல்லது. கம்பம்பயிரை ஆட்டுக்குப் போடலாம். கம்புக்குப் பதிலாகச் சோளம் முளைக்கப் போட்டிருந்தால் மட்டும் போடக்கூடாது. இளம் சோளப் பயிரில் சயனைடு நஞ்சு உண்டு, ஆட்டையும் மாட்டையும் கொன்றுவிடும்.