ஏ9 தாருக்கு அடியில் சுருளா, வீட்டுச் சுவரில் பிளக்கா?

ஓடிக்கொண்டிருக்கும்போதே காருக்குச் சார்ஜ் ஏற்றும் வீதியைப் பற்றிய காணொளிகள் வட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. 2025 பெப்ரவரியில் இலங்கையில் வாகன இறக்குமதி மறுபடி திறந்ததிலிருந்து மின்சாரக் கார்கள் வவுனியாப் பக்கமும் கண்ணில் படுகின்றன. ‘யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதிக்கும் இப்படிப் போட்டால் என்ன?’ என்ற கதை எழுவது இயல்பு. போடலாம். ஆனால் வன்னிக்கு வரவேண்டியவற்றில் அது கடைசி என்பேன்.

தாருக்கு அடியில் செப்புச் சுருள்களைப் புதைத்து மின்னோட்டம் விடுவார்கள். அதில் எழும் காந்தப்புலத்தை வாகனத்தின் அடியில் பூட்டிய இன்னொரு சுருள் வாங்கி மின்சாரமாக்கும். தென்கொரியாவின் குமி நகரில் 2013 இலேயே 24 கிலோமீற்றர் வழியில் இப்படிப் பஸ் ஓடியது. சுருள் இருந்ததோ அந்த வழியின் சிறு பகுதியில்தான். 17 சென்ரிமீற்றர் இடைவெளியைத் தாண்டி 85 சதவீதம் வரை மின்சாரம் பஸ்ஸுக்குச் சேர்ந்தது. உரிய வாகனம் மேலே வரும்போது மட்டும் அந்தத் துண்டுக்குக் கரண்ட் போகும். ஆகவே இரவில் ஏ9 இல் படுத்துக் கிடக்கும் மாடுகளுக்கு ஒன்றும் ஆகாது; ஆபத்து வழக்கம்போல அவற்றில் மோதுகிற எங்களுக்குத்தான்.

தொழில்நுட்பத்தில் குறையில்லை, கணக்குத்தான் இடிக்கிறது. 20 கிலோவாட் தரும் சுருள் ஒரு கிலோமீற்றருக்குப் போட்டிருக்கிறது என்று வைப்போம். மணிக்கு 70 இல் போகும் கார் அதை 51 செக்கனில் கடந்துவிடும், ஏறுவது 0.28 யூனிட் (ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் ஒரு மணித்தியாலத்துக்கு). அந்த ஒரு கிலோமீற்றர் ஓடவே 0.15 யூனிட் போய்விடும். மிச்சத்தில் இன்னுமொரு கிலோமீற்றர் கூட முழுதாய் ஓடாது. வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 140 கிலோமீற்றர். புறப்படும்போது இருந்த சார்ஜ் குறையாமல் போய்ச் சேர, வழியில் பாதிக்கு மேல் கிண்டிச் சுருள் புதைக்க வேண்டும். சுவீடன் 21 கிலோமீற்றர் மின்வீதி ஒன்றுக்குக் கேள்விப்பத்திரம் கோரி, விலை கட்டுப்படியாகாமல் 2023 இல் நிறுத்தி வைத்தது. மணல் ரிப்பர் ஓடி, மாரி வெள்ளம் அரித்து, ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டே வாழும் எங்கள் வீதிகளில் அந்தச் சுருளைத் தோண்டித் திருத்துவது யார்? போதாக்குறைக்கு, இங்கே அதிகம் ஓடுவது மோட்டார் சைக்கிளும் ஓட்டோவும். சுருள் பூட்ட அவற்றின் அடியில் இடம் எங்கே?

வீட்டுப் பிளக்கைப் பாருங்கள். 230 வோல்ற்றில் 10 அம்பியர் இழுத்தால் 2.3 கிலோவாட். இரவு எட்டு மணித்தியாலத்தில் 18 யூனிட், அதாவது சுமார் 120 கிலோமீற்றர் ஓட்டம். கிளிநொச்சியிலிருந்து முல்லைத்தீவுக்கு வேலைக்குப் போய்த் திரும்புகிறவருக்கு இது மட்டுமட்டாய்ப் போதும். நீண்ட பயணக்காரருக்கு மாங்குளத்திலும் பரந்தனிலும் ஒவ்வொரு வேகச் சார்ஜர் இருந்தால் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் காரியம் ஆகிவிடும்.

ஓட்டோக்காரருக்கு வேறு கணக்கு. பகலில் நிறுத்திச் சார்ஜ் போட்டால் ஹயர் போய்விடும். அவருக்கு, இறங்கின பற்றரியைக் கொடுத்துச் சார்ஜ் ஏறினதை வாங்கிப் பூட்டும் பற்றரி மாற்றும் கடைதான் பொருந்தும். தாய்வானில் ஸ்கூட்டர்களுக்கு 2015 முதல் இது நடக்கிறது. வன்னிக்கு இதில் ஒரு தனி லாபமும் உண்டு. வெயில் எரிக்கும் நேரத்தில் வாகனம் வேலையில் நிற்கும், ஆனால் மாற்றுப் பற்றரி கடையில் சும்மா இருக்கும். கூரைச் சோலாரை நேரே அதற்குள் இறக்கலாம். இரவில் குத்தும் வீட்டுப் பிளக்குக்கு அந்த வசதி இல்லை. சிக்கல் என்னவென்றால் எல்லாக் கம்பனியும் ஒரே அளவுப் பற்றரி செய்யாது.

ஓடும்போதே மின்சாரம் எடுக்க ஜேர்மனியில் லொறிகளுக்குச் செய்து பார்த்த, வீதிக்கு மேலே கட்டும் கம்பி காருக்கு எட்டாது, அதை விடலாம்.

கம்பியில்லாச் சார்ஜுக்கு நான் இடம் விடுவது ஒரே ஓரிடத்தில்: வவுனியா பஸ் நிலையம். பஸ் ஆள் ஏற்ற நிற்கும் அந்தக் கால் மணித்தியாலத்தில், அதே 20 கிலோவாட் சுருள் 5 யூனிட் கொடுக்கும். ஓடும் வீதியில் அதற்கு 17, 18 கிலோமீற்றர் புதைக்க வேண்டும்.

இப்போதைக்குக் கார் வாங்குகிறவர் செய்ய வேண்டியது வேறொன்று. வீட்டுத்திட்ட வீடுகள் பலவற்றில் வயரிங் லைற்றுக்கும் ஃபானுக்கும் கணக்குப் பார்த்துச் செய்தது. விடிய விடிய 10 அம்பியர் இழுக்க முன், எலெக்ரீசியனைக் கூப்பிட்டுத் தனி வயர் இழுத்து, எர்த்தையும் சோதித்துக்கொள்ளுங்கள்.