புல்லட் என்ஜினும் அளவை எழுதித் தராத பட்டறைக்காரரும்

யெஸ்டி 250 பைக் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், கிராங்க் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) வேலையை எங்கே கொடுக்கலாம் என்று கேட்டிருக்கிறார். "உங்கள் புல்லட்டைச் செய்தவரிடமே கொடுத்துவிடட்டுமா?" என்கிறார். ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் முடிகிற பதில் என்னிடம் இல்லை. போதாக்குறைக்கு, போன வாரம்தான் அந்தப் பட்டறை வாசலில் நின்று வாக்குவாதம் செய்துவிட்டு வந்திருக்கிறேன். பட்டறையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. கோவையில் இருக்கிறது என்பது போதும்.

வண்டி 1980களில் வந்த புல்லட் 350. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரிலிருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் கூட்டுச் சேர்ந்து இங்கே தொழில் தொடங்கிய காலத்திலிருந்து, 2010 வாக்கில் வார்ப்பிரும்பு என்ஜின் விடைபெறும் வரை, 70 மி.மீ. போர் (சிலிண்டர் துளையின் விட்டம்), 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) என்ற கணக்கு மாறவில்லை. ஆகவே உதிரிபாகம் கிடைக்கவில்லை என்று யாரும் அழ வேண்டியதில்லை. பிஸ்டன் கிடைக்கிறது, ரிங் கிடைக்கிறது, கிராங்க் பின் கிடைக்கிறது. அந்தப் பிஸ்டனுக்குப் பொருந்தும்படி பிளாக்கை, அதாவது பிஸ்டன் ஓடும் சிலிண்டரை, கடைந்து கொடுக்கிற ஆளைத் தேடித்தான் நாய் படாத பாடு பட வேண்டியிருக்கிறது.

கோவையில் லேத்துக்கா பஞ்சம் என்று கேட்கலாம். மில்லும் பம்புசெட்டும் வளர்த்த ஊர். ஆவாரம்பாளையம், கணபதிப் பக்கம் தெருவுக்குத் தெரு லேத் ஓடுகிறது. ஆனால் என்ஜின் போரிங், அதாவது தேய்ந்த சிலிண்டர் துளையைப் பெரிதாக்கிக் கடையும் வேலை, செய்கிற இடங்களில் பெரும்பாலானவை லாரியையும் டிராக்டரையும் நம்பிப் பிழைப்பவை. ஆறு சிலிண்டர் பிளாக் ஒன்று மேசையில் இருக்கும்போது, நம் ஒற்றைச் சிலிண்டர் மூலையில் எண்ணெய்த் துணிக்கு அடியில் கிடக்கும். அதுகூடப் பரவாயில்லை. "ஓவர்சைஸ் என்ன, 0.50-ஆ 1.00-ஆ? வைத்துவிட்டுப் போங்கள், சாயங்காலம் தருகிறோம்" என்று சொன்ன இடங்களிலிருந்துதான் பிளாக்கைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தேன். 0.50 என்பது பிஸ்டன் பழைய அளவைவிட எத்தனை மில்லிமீட்டர் பெரிது என்பதற்கான எண். பெட்டியில் அதை அச்சடித்திருப்பதற்காக எல்லாப் பிஸ்டனும் ஒரே அளவில் இருந்துவிடாது. பிஸ்டனைக் கையில் வாங்கி அளந்து, அதற்கு எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று முடிவு செய்து, அதன் பிறகே பிளாக்கில் கருவியை வைக்க வேண்டும். அட்டைப்பெட்டியைப் பார்த்துக் கடைகிறவர்களிடம் கொடுத்தால் வண்டி ஒன்று இறுகி நிற்கும், இல்லையென்றால் புகைவிடும்.

நான் கடைசியில் போய்ச் சேர்ந்தவர் கேட்ட முதல் கேள்வி, "பிஸ்டன் எங்கே தம்பி?" அந்தக் கேள்விக்காகவே அவரிடம் கொடுத்தேன்.

வேலையைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பிஸ்டனின் கீழ்ப்பகுதியை, பிஸ்டன் பின்னின் துளைக்குக் குறுக்கே, மைக்ரோமீட்டரால் அளந்தார். பிளாக்கை மேலே, நடுவே, கீழே என்று மூன்று உயரங்களில், ஒவ்வொன்றிலும் இரண்டு திசைகளில், போர் கேஜ் வைத்துப் பார்த்தார். தேய்மானம் மேல்பகுதியில்தான் அதிகம் இருக்கும், அதுவும் ஒரு பக்கமாகச் சாய்ந்து இருக்கும். அந்தத் தேய்ந்த இடத்தை மையமாக வைத்துக் கடைந்தால் துளை முழுதும் கோணலாகிவிடும் என்பதால், ரிங் எட்டாத அடிப்பகுதியைப் பிடித்து மையம் பார்த்தார். பிளாக் உட்காரும் அடிப்பரப்பைச் சுத்தம் செய்வதற்கே நெடுநேரம் எடுத்துக்கொண்டார். கடைசிச் சில நூறிலொரு மில்லிமீட்டர்களைக் கடையாமல் விட்டு, ஹோனிங்கில், அதாவது கல்லால் உரசித் தேய்ப்பதில், கொண்டுவந்து நிறுத்தினார். உட்சுவரில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள், கோலம்போல் ஒழுங்கு.

ஹோனிங் முடிந்ததும் மண்ணெண்ணெயில் முக்கித் தரவில்லை. வெந்நீரும் சோப்புத் தூளும் போட்டுத் தேய்த்து, வெள்ளைத் துணியால் துடைத்து, துணி கறுக்காமல் வரும் வரை திரும்பத் திரும்பக் கழுவினார். ஹோனிங் கல்லின் பொடி அந்தக் கோடுகளுக்குள் தங்கிவிட்டால் புது ரிங்கை அதுவே தின்றுவிடும் என்றார். இதைச் செய்கிற பட்டறையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கிராங்க் வேலைதான் உச்சம். புல்லட் கிராங்க் ஒரே துண்டாக வருவதில்லை. இரண்டு கனத்த பிளைவீல்கள், நடுவில் ஒரு பின், இருபுறமும் நட்டு. பின்னை மாற்றிப் பூட்டிய பிறகு இரண்டு முனைத் தண்டுகளும் ஒரே நேர்கோட்டில் சுழல வேண்டும். லேத்தின் இரண்டு முனைகளுக்கு நடுவே நிறுத்தி, டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்த்து, விலகல் இருக்கிற இடத்தில் செம்புச் சுத்தியால் ஓர் அடி. மறுபடி சுற்றல், மறுபடி அடி. முள் அசைகிறதா இல்லையா என்று எனக்குச் சந்தேகம் வந்த பிறகும் அவர் விடவில்லை. பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் ராடின் பெரிய முனையில் பழைய மிதக்கும் புஷ்ஷையே போடுவதா, ரோலர் பேரிங்குக்கு மாறுவதா என்று நான் குழம்பியபோது, "எண்ணெய் ஒழுங்காக வந்தால் இரண்டும் ஓடும், வராவிட்டால் புஷ் முதலில் போகும்" என்று முடித்துவிட்டார். ரோலரே போட்டோம். என்ஜின் பக்கவாட்டில் இருக்கும் டைமிங் மூடிக்குள் கிராங்க் முனைக்கு எண்ணெய் கொண்டுபோகும் அந்தச் சின்ன சீலையும் தன் கையாலேயே பொருத்தினார். பல புல்லட்டுகள் அந்தச் சீல் ஒழுங்காக உட்காராமல்தான் பெரிய முனையைப் பறிகொடுக்கின்றன.

நான் எதிர்பாராத பலன் பின்பார்வைக் கண்ணாடியில் கிடைத்தது. முன்பெல்லாம் அறுபதில் போனால் அதிர்வில் கண்ணாடியில் தெரிவது லாரியா மேகமா என்று ஊகிக்க வேண்டும். இப்போது நம்பர் பிளேட்டைப் படிக்கிறேன். வால்பாறை மலைப்பாதையின் 40 கொண்டைஊசி வளைவுகளையும், கோடை வெயிலில், பின்னால் ஆளை வைத்துக்கொண்டு, பெரும்பாலும் இரண்டாம் கியரிலேயே ஏறியிருக்கிறேன். இறுகவில்லை, மூச்சுத் திணறவில்லை. இவ்வளவும் நடந்து இப்போது நான்காம் ஆண்டு.

இனி என் எரிச்சலுக்கு வருகிறேன். அந்த மனிதர் ஓர் எண்ணைக்கூடக் காகிதத்தில் எழுதித் தர மாட்டார்.

இதற்கா இவ்வளவு கோபம் என்று கேட்பவர்கள் காலையில் என் வண்டியை உதைத்துப் பார்க்க வேண்டும். குளிர்ந்திருக்கும்போது பிளாக்கிலிருந்து ஒரு டக் டக் சத்தம். தெருமுனை தாண்டி என்ஜின் சூடானதும் மறைந்துவிடும். காரணம் தெரியும்: பிஸ்டன் அலுமினியம், பிளாக் வார்ப்பிரும்பு. சூட்டில் அலுமினியம் வார்ப்பிரும்பைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு விரியும். அதனால் இந்த என்ஜினில் பிஸ்டனுக்குக் கொஞ்சம் தாராளமாகவே இடம் விட வேண்டும். குளிரில் அது தட்டத்தான் செய்யும். மலையில் இறுகாமல் இருந்ததற்கும் அந்தத் தாராளம்தான் காரணம். எல்லாம் சரி. ஆனால் இந்த டக் டக் முதல் நாளிலிருந்து இருந்ததா, வளர்ந்துகொண்டே வந்ததா? நான்கு ஆண்டுகளுக்கு முன் விட்ட இடைவெளி எத்தனை என்று தெரிந்தால்தானே இன்றைய அளவை அதனோடு ஒப்பிட முடியும்? அந்த எண் அவர் தலைக்குள் இருக்கிறது. கேட்டால் சொல்கிறார், ஆனால் ஒவ்வொரு முறையும் கடைசி இலக்கம் கொஞ்சம் மாறுகிறது.

போன வாரச் சண்டை இதனால்தான். சில நாள் ஓட்டாமல் நிறுத்திவிட்டு உதைத்தால் வெள்ளையும் நீலமுமாகப் புகை வந்தது. வீட்டுக்கு அருகிலிருக்கும் மெக்கானிக் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "போர் போய்விட்டது, ரீபோர்தான்" என்று தீர்ப்பளித்தார். நான் அவரை மறுத்துப் பேச என் கையில் ஒரு சீட்டுக்கூட இல்லை. பட்டறைக்காரரிடமே எடுத்துப் போனேன். பிளாக்கைக் கழற்றி அளந்து, போருக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார். நின்ற வண்டியில் எண்ணெய் டேங்கிலிருந்து எண்ணெய் பம்பு வழியாகக் கசிந்து கிராங்க் அறைக்குள் இறங்கியிருக்கிறது. உதைத்தவுடன் அது மேலே தெறித்துப் புகைந்திருக்கிறது. பம்பைச் சரிசெய்தார். புகை நின்றது. நோயைச் சரியாகச் சொன்ன மனிதரிடம், இப்போது அளந்ததையாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டேன். "எழுதி என்ன செய்யப் போகிறீர்கள் தம்பி? நான்தானே இருக்கிறேன்" என்றார். நான் குரலை உயர்த்திய பிறகு, ஒரு சாக்குக்கட்டியை எடுத்துப் பிளாக்கின் குளிர்விக்கும் தகடுமீதே எழுதினார். எழுதியதை நான் படிப்பதற்குள் பட்டறைப் பையன் பிளாக்கை வெந்நீர்த் தொட்டியில் போட்டுவிட்டான்.

அவருக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. அந்தப் பையன் வேகமானவன், கை சுத்தமானவன். ஆனால் எந்த வண்டிக்கு எவ்வளவு விட்டார்கள் என்று அவனுக்கும் தெரியாது. பெரியவர் காய்ச்சலில் படுத்தால் அன்றைக்கு அந்தப் பட்டறையில் எந்த என்ஜினுக்கும் வரலாறு கிடையாது. கூலி மற்ற இடங்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு. அந்தப் பணத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு அடங்காதா?

யெஸ்டி நண்பருக்கு: உங்களுடையது டூ ஸ்ட்ரோக், கிராங்க் நட்டுப் பூட்டில் நிற்பதில்லை, அழுத்திப் பொருத்தியது. பிரஸ்ஸும் டயல் கேஜும் இல்லாத இடத்தில், சுத்தியால் மட்டும் பின்னைக் கழற்றுகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். இவரிடம் இரண்டும் இருக்கின்றன. சொன்ன நாளில் தரமாட்டார். கேள்வி கேட்டால் முகம் சுளிப்பார். ரசீதில் "என்ஜின் வேலை" என்று இரண்டு சொல் மட்டும் இருக்கும். வேலைக்கு ஐந்துக்கு ஐந்து, பட்டறைக்கு ஒன்றரை. இன்றைக்கு இருக்கிற கோபத்தில் இந்த இடத்தை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். கிராங்க்கைக் கழற்றி வையுங்கள், திங்கட்கிழமை காலையில் நானும் வருகிறேன். பத்து மணிக்கு மேல் போனால் லாரிக்காரர்கள் வந்துவிடுவார்கள்.