கடை, கிளினிக், ஹோட்டல், ஏஜென்சி: கடலூர்–புதுவையில் மார்க்கெட்டிங் வேலை மாறுபவர்களுக்கு

மார்க்கெட்டிங்கில் நாலைந்து வருடம் ஓடியவர்களுக்கு ஒரு கட்டத்தில் மனசு நிலைகொள்ளாமல் போகும். கம்பெனியை மாற்றலாமா, துறையையே மாற்றலாமா, இல்லை இந்த வேலையே நமக்கு ஒத்துவராதா என்று மூன்று கேள்வியும் ஒன்றாக வந்து நிற்கும். கடலூர், புதுவைப் பக்கம் வீட்டை வைத்துக்கொண்டு மாற நினைப்பவர் கண்ணில் படுவது பெரும்பாலும் நான்கு வழிதான்: எஃப்.எம்.சி.ஜி. ஃபீல்டு (சோப்பு, ஷாம்பு மாதிரி அன்றாடப் பொருளைக் கடைகளுக்கு விற்பது), மெடிக்கல் ரெப் (மருந்துக் கம்பெனிக்காக டாக்டர்களைப் பார்ப்பது), புதுச்சேரி ஹோட்டல், டிஜிட்டல் ஏஜென்சி (மற்றவர்களுக்கு இணைய விளம்பரம் செய்து தருவது). ஐந்தாவதாக, சொந்தமாக ஏதாவது தொடங்குவது.

சம்பளத்தை நீங்களே விசாரித்துக்கொள்வீர்கள், அதை வைத்து நான் வரிசைப்படுத்தப் போவதில்லை. நான் பார்ப்பது ஒன்றைத்தான்: "வேண்டாம்" என்று சொல்லும் ஆளுக்கு எவ்வளவு பக்கத்தில் அந்த வேலை உங்களைக் கொண்டுபோய் நிறுத்துகிறது? இது நமக்கான தொழில்தானா என்பது அந்த இடத்தில்தான் தெரியவரும்.

முதலில் எஃப்.எம்.சி.ஜி. இதில் பக்கம் என்றால் மூச்சுக்காற்று படும் பக்கம். காலையில் டிஸ்ட்ரிபியூட்டர் குடோன், அங்கிருந்து சேல்ஸ்மேனோடு பீட், அதாவது அன்றைக்கு உரிய கடைகளின் சுற்று. இன்றைக்கு மஞ்சக்குப்பம் என்றால் நாளைக்குத் திருப்பாப்புலியூர், அப்புறம் ஓ.டி. (கடலூர் ஓல்டு டவுன்), நெல்லிக்குப்பம், பண்ருட்டி. வெயிலில் கடை கடையாக ஏறி இறங்க வேண்டும். கடைக்காரர் கல்லாவிலிருந்து நிமிராமலே, "போன மாசம் இறக்கினதே தூங்குது தம்பி. டேமேஜ்னு எடுத்துட்டுப் போனீங்களே, அந்தக் காசு என்னாச்சு?" என்பார். பாதிப் பேர் இந்த இடத்திலேயே வேலையை வெறுத்துவிடுகிறார்கள்.

ஆனால் அதே கடையில் பத்து நிமிடம் ஓரமாக நின்று பாருங்கள். ஒரு அம்மா வந்து, "ஷாம்பு பாக்கெட் நாலு குடுங்க" என்பார். எந்த பிராண்டு என்று சொல்ல மாட்டார். கடைக்காரர் கை, தொங்கும் பாக்கெட் சரங்களில் எந்தச் சரத்துக்குப் போகிறதோ அதுதான் அன்றைய விற்பனை. ஏன் அந்தச் சரம்? மார்ஜின் கூடவா, கைக்கு எட்டும் உயரத்தில் தொங்குகிறதா, கம்பெனி கடைக்குத் தரும் ஸ்கீம் சலுகை இன்னும் முடியவில்லையா? இந்தக் கேள்வி உங்களுக்குத் தானாக எழுந்தால் கவனியுங்கள். எழவில்லை என்றால் அதையும் கவனியுங்கள்.

இந்தச் சரத்தின் கதையே கடலூர்க் கதைதான். ஷாம்பு பாட்டிலில் மட்டும் விற்ற காலத்தில், சிறிய பாக்கெட்டில் அடைத்துக் கொடுத்தால் கூலி வேலை செய்பவரும் வாங்குவார் என்று யோசித்தவர் கடலூர்க்காரரான சின்னி கிருஷ்ணன். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் குடும்பத்தின் வெல்வெட் ஷாம்பு தொழிலிலிருந்து விலகி, 1983-ல் ரூ.15,000 வைத்துக்கொண்டு சிக் ஷாம்புவைத் தொடங்கினார். பின்னாளில் கவின்கேர் ஆனது அந்தக் கம்பெனிதான். கிராமங்களில் கூட்டத்துக்கு நடுவே ஒரு பள்ளிக்கூடப் பையனை உட்காரவைத்து, தலைக்கு ஷாம்பு போட்டு அலசி, அவன் முடியைத் தொட்டுப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள் என்று காட்டினார்கள். எந்தக் கம்பெனியின் காலி பாக்கெட்டாக இருந்தாலும் ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்றார்கள். அப்புறம் மெதுவாக, சிக் காலி பாக்கெட்டுக்கு மட்டும்தான் என்று மாற்றினார்கள். ஏ.சி. அறையில் உட்கார்ந்து இதை யோசித்திருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. தெருவில் நின்று, ஜனங்கள் எதற்குத் தயங்குகிறார்கள் என்று பார்த்தவர்களுக்குத்தான் இது வரும்.

சரி, இதே வேலையின் அசிங்கமான பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். அது மாசக் கடைசி. கடைக்குப் போகும் செகண்டரி விற்பனை படுத்திருந்தாலும், கம்பெனியிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் பிரைமரி டார்கெட்டை முடித்தாக வேண்டும். ஏரியா சேல்ஸ் மேனேஜர் (ஏ.எஸ்.எம்.) போன் மேல் போன் போடுவார். நீங்கள் டிஸ்ட்ரிபியூட்டர் தலையில் ஸ்டாக்கைக் கட்டுவீர்கள். அவர் பணம் முடங்கும், கம்பெனியிடமிருந்து வர வேண்டிய கிளெய்ம் பணம் இழுக்கும், அடுத்த மாதம் முதல் வாரம் உங்கள் போனையே எடுக்க மாட்டார். ஃபீல்டை விட்டு ஓட நினைக்கும் பலர் உண்மையில் ஓட நினைப்பது இந்தக் கடைசி ஐந்து நாளிடமிருந்துதான். அவர்கள் மாற்ற வேண்டியது கம்பெனியை. துறையை மாற்றினால் கடையில் கற்றதெல்லாம் வீணாகும்.

மெடிக்கல் ரெப் இதற்கு நேர் எதிர். அங்கே யாரும் வாய் திறந்து "வேண்டாம்" என்று சொல்வதே இல்லை. ராத்திரி ஒன்பது மணிக்குக் கடைசி நோயாளி வெளியே வரும்வரை காத்திருந்து உள்ளே போனால், டாக்டர் நீங்கள் காட்டும் மருந்து விளக்கப் படங்களை (விஷுவல் எய்டு) பார்த்துத் தலையாட்டுவார். எழுதினாரா இல்லையா என்பது பக்கத்து மருந்துக்கடைக் கவுண்டரில்தான் தெரியும். மாத்திரையைச் சாப்பிடுபவரோடு உங்களுக்குப் பேச்சே கிடையாது. வாங்குபவர் மனசைப் படிக்க ஆசைப்படுபவருக்கு இது மூச்சுமுட்டும். ஒழுங்காகப் பாடம் படித்து, ஒரே ஆளை மாதாமாதம் பொறுமையாகப் பார்த்து நம்பிக்கை சம்பாதிப்பவருக்கு இதைவிட நல்ல வேலை இந்தப் பக்கம் இல்லை. ஜிப்மர், அதைச் சுற்றித் தனியார் மருத்துவக் கல்லூரிகள், கடலூர் வரை கிளினிக்குகள் என்று புதுவையில் ரெப்புக்கு வேலைக்களம் பரந்தது.

முன்னைவிட இப்போது ஒரு மாற்றமும் உண்டு. 2024 மார்ச்சில் மத்திய அரசு கொண்டுவந்த மருந்து விற்பனை நடத்தை விதிகள் டாக்டர்களுக்குப் பரிசுப் பொருள் கொடுப்பதைத் தடுக்கின்றன. பிராண்டை நினைவூட்டும் பொருள் என்றால் ஒன்றின் மதிப்பு ரூ.1,000-ஐத் தாண்டக் கூடாது. இலவச சாம்பிளுக்கும் கணக்கு உண்டு. எல்லாக் கம்பெனியும் எழுத்துக்கு எழுத்து கடைப்பிடிக்கிறதா என்பது வேறு பேச்சு. ஆனால் பையில் பொருள் குறையக் குறைய, வாயில் விஷயம் இருப்பவர்தான் நிற்பார். எனக்கு இதில் இருக்கும் தயக்கம் ஒன்றே ஒன்று. ஏழெட்டு வருடம் ரெப்பாக இருந்துவிட்டால் மற்ற துறைக்காரர்கள் உங்களை ரெப்பாக மட்டுமே பார்ப்பார்கள். மாறுவதென்றால் சீக்கிரம் மாற வேண்டும்.

ஹோட்டல் வேலை வெளியிலிருந்து பார்க்க அழகு. ஒயிட் டவுன், மஞ்சள் சுவர், போகன்வில்லா, ரீல்ஸ். உள்ளே போனால் அது விலைக் கணக்கு. வெள்ளிக்கிழமை ராத்திரி பெங்களூரு வண்டிகள் வந்து இறங்கும்போது ரூம் கிடைக்காது. செவ்வாய்க்கிழமை அதே ரூம் காலியாகக் கிடக்கும். புக்கிங் தளங்கள் பொதுவாக 15 முதல் 25 சதவீதம் வரை கமிஷன் எடுக்கும். 5,000 ரூபாய் ரூமில் ஆயிரம் ரூபாய் அங்கே போய்விட்டது என்று வையுங்கள். அப்படியென்றால், நேராக போன் செய்து கேட்பவருக்கு எவ்வளவு குறைக்கலாம்? காலை டிபன் இலவசமாகக் கொடுத்தால் போதுமா? இந்தக் கணக்கை மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பதில் ருசி இருப்பவருக்கு ஹோட்டல் ஒரு பள்ளிக்கூடம். விலை வைக்கும் வித்தையை இந்த நான்கில் வேறெங்கும் இவ்வளவு சீக்கிரம் கற்க முடியாது.

வானமும் இங்கே ஒரு பங்காளி. தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30, புத்தாண்டுக் கொண்டாட்டத்துக்கு முந்தைய நாள். ஃபெஞ்சல் வந்தது 2024 நவம்பர் 30. சீசன் வாசலில் நிற்கும்போது எல்லா புக்கிங்கும் ரத்தானால் பணத்தைத் திருப்பித் தருவதா, தேதியை மாற்றித் தருவதா என்று அன்றைக்குப் பதில் சொல்பவர் மார்க்கெட்டிங் ஆள்தான். சிறிய ஹோட்டல்களில் ரிசர்வேஷன் போனும் உங்கள் மேஜையில்தான் இருக்கும். பெரிய டிகிரி வாங்கிவிட்டு போன் எடுப்பதா என்று சலித்துக்கொள்ளாதீர்கள். ரேட்டைச் சொன்னதும் எதிர்முனையில் விழும் அந்த இரண்டு நொடி மௌனம்தான் இந்த வேலையில் கிடைக்கும் "வேண்டாம்".

இப்போது எல்லோரும் தாவ நினைக்கும் டிஜிட்டல் ஏஜென்சி. ஃபீல்டில் இருப்பவர்கள் வெயிலுக்குப் பயந்து இங்கே வருகிறார்கள். படித்து முடித்தவர்கள் லேப்டாப் வேலை என்று வருகிறார்கள். உள்ளூர் ஏஜென்சியின் வாடிக்கையாளர்கள் யார்? ஈ.சி.ஆர். ஓரத்து மனைப்பிரிவு, தனியார் பள்ளி, தோல் கிளினிக், நகைக்கடை. வேலை நேரத்தில் பெரும்பகுதி பொங்கல் வாழ்த்து போஸ்டரில் முதலாளி போட்டோவை எந்த மூலையில் வைப்பது என்பதிலேயே கரையும். மிச்ச நேரத்தில்தான் விளம்பரம், லீட் (விளம்பரத்தைப் பார்த்து விசாரித்தவர்களின் விவரம்), ரிப்போர்ட்.

லீட் ஷீட்டைக் கொஞ்சம் பாருங்கள். பெயர், நம்பர், ஊர், கடைசியில் ரிமார்க்ஸ். ரிமார்க்ஸ் வரிசையில் "எடுக்கவில்லை", "அப்புறம் பேசச் சொன்னார்", "பட்ஜெட் இல்லை", "தெரியாமல் கிளிக் செய்துவிட்டார்". மாசக் கடைசியில் வாடிக்கையாளர் போன் வரும்: "சார், நீங்க குடுத்த லீட் எல்லாம் வேஸ்ட்." ஏஜென்சிக்காரர் ஒரு லீடுக்கு ஆன செலவைக் காட்டுவார், முதலாளி ஒரு மனைகூட விற்கவில்லை என்பார். இரண்டும் உண்மை. அந்த ஷீட்டில் இருப்பவரிடம் பேசியது அவர்கள் டெலிகாலர். விளம்பரம் எழுதியவர் அந்தக் குரலைக் கேட்டதே இல்லை. நான்கு வேலையில் மறுப்பவரிடமிருந்து அதிக தூரத்தில் இருப்பது இதுதான். தூரமாக இருப்பதால் சுகமாகவும் இருக்கிறது.

அதனால் ஏஜென்சி வேண்டாம் என்று சொல்லவில்லை. வரிசை முக்கியம் என்கிறேன். இரண்டு வருடம் கடை ஏறியவர் ஏஜென்சிக்குப் போனால், "தவணை வசதி உண்டு" என்ற வரியை மேலே போட வேண்டுமா, "பதிவுக்குத் தயார்" என்ற வரியையா என்று அவருக்குத் தெரியும். நேராக ஏஜென்சியில் ஆரம்பித்தவருக்கு விளம்பரத் தளத்தின் பட்டன்கள் தெரியும், ஆட்களைத் தெரியாது. பட்டனை ஆறு மாதத்தில் கற்கலாம். கூகுளின் ஸ்கில்ஷாப் பயிற்சித் தளத்தில் விளம்பரச் சான்றிதழ் தேர்வு இலவசம்தான், வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அவ்வளவே. ஏற்கெனவே ஏஜென்சியில் இருப்பவர், வாடிக்கையாளரிடம் அனுமதி வாங்கி அந்த ஷீட்டில் இருபது பேருக்காவது தானே போன் போட்டுப் பேசட்டும். அந்த யோசனையே எரிச்சலாக இருந்தால், உங்களுக்குப் பிடித்தது டிசைனாகவோ எழுத்தாகவோ இருக்கலாம். அதுவும் நல்ல தொழில்தான், அதற்கு நேராகவே போகலாம்.

எது நம் தொழில் என்று கண்டுபிடிக்க நான் நம்பும் ஒரே சோதனை, டார்கெட் சீக்கிரம் முடிந்த மாதம். இன்சென்டிவ் உறுதி, யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை, நான்கு நாள் மிச்சம். ஒருவர் போனை சைலண்டில் போட்டுவிட்டு வீட்டில் இருப்பார். ஒருவர் புதிதாகத் திறந்த கடைக்குச் சும்மா போய்ப் பேசிவிட்டு வருவார். இன்னொருவர் எக்ஸலைத் திறந்து, இந்த மாதம் மட்டும் சரக்கு ஏன் இவ்வளவு வேகமாக விற்றது என்று குடைவார். இரண்டாமவர் ஃபீல்டை விடக் கூடாது. மூன்றாமவருக்கு ஹோட்டலோ ஏஜென்சியோ பொருந்தும். முதலாமவரைத் திட்ட நான் தயாரில்லை. களைத்துப்போயிருக்கலாம். ஆனால் மாதாமாதம் அப்படியே என்றால், ஆஃபர் லெட்டர் மாறுவதால் ஒன்றும் மாறாது.

சொந்தமாகத் தொடங்குவதைப் பற்றிச் சுருக்கமாக. இந்தப் பக்கம் எல்லோர் வாயிலும் வருவது பண்ருட்டி முந்திரி. பொருள் நல்லது, பேர் இருக்கிறது. ஆனால் கடலூர்–புதுவை எல்லையான முள்ளோடையைத் தாண்டினால் மாநிலம் மாறிவிடும். பொருள் விற்றால் ஜி.எஸ்.டி. பதிவு வரம்பு தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 40 லட்சம், புதுச்சேரியில் 20 லட்சம். கடலூரில் பேக் செய்து புதுச்சேரிக் கடைக்கு விற்றாலோ அது மாநிலம் தாண்டிய விற்பனை, அப்போது வரம்பெல்லாம் கிடையாது, முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும். விளம்பரம் செய்து தரும் சேவையாக ஆரம்பித்தால் இந்தத் தொல்லை இல்லை. 20 லட்சம் வரை இரண்டு பக்கமும் வேலை செய்யலாம். முதல் வருடம் சேவை, கையில் காசு சேர்ந்ததும் பொருள் என்பதே என் விருப்பம்.

மாறுவது என்று முடிவு செய்துவிட்டால் தேதியைப் பாருங்கள். நிரந்தர ஊழியருக்கு கிராஜுவிட்டி (பணிக்கொடை) ஐந்து வருடம் முடித்தால்தான். ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு உண்டு, ஆனாலும் இரண்டு மாதம் பொறுத்தால் தீரும் விஷயத்துக்குக் கம்பெனியோடு வழக்காடுவானேன்? பேசிக்கும் அகவிலைப்படியும் சேர்ந்து 26,000 ரூபாய் என்றால், வருடத்துக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்கில் ஐந்து வருடத்துக்கு 75,000 ரூபாய். பி.எஃப். பணத்தை எடுத்துச் செலவழிக்காமல் புதுக் கம்பெனிக்கு மாற்றுங்கள். ஐந்து வருட சர்வீஸுக்கு முன் எடுத்தால் வரி, பென்ஷன் பகுதியையும் சேர்த்து எடுத்துவிட்டால் பென்ஷனுக்குத் தேவையான பத்து வருடக் கணக்கும் அறுந்துபோகும்.

புது இடத்தில் இன்டர்வியூ முடிந்து கை குலுக்கும்போது, "ஹெட்குவார்ட்டர்ஸ் கடலூர்தான், கவலைப்படாதீங்க" என்பார்கள். அதை ஆஃபர் லெட்டரில் எழுதி வாங்குங்கள். தினப்படி எந்த ஊரிலிருந்து கணக்கு, இன்சென்டிவ் பிரைமரியிலா செகண்டரியிலா, நோட்டீஸ் 30 நாளா 90 நாளா என்பதும் அதிலேயே இருக்க வேண்டும். வாயால் சொன்ன கடலூர், சேர்ந்த மூன்றாம் மாதம் திருவண்ணாமலை ஆகிவிடும்.