52 பருத்தி, 48 பாலியஸ்டர்: மூன்று டி-ஷர்ட், இரண்டு மாதம்

புது டி-ஷர்ட் வந்தால் எல்லோரும் போட்டுப் பார்ப்பார்கள். நான் முதலில் உள்பக்கம் திருப்புவேன். பதினோரு வருஷம் பனியன் ஃபேக்டரியில், தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் டேபிளில் நின்ற கை, வேறென்ன செய்யும்? ஆன்லைனில் வாங்கிய மூன்று உருப்படி பேக் இது. வட்டக் கழுத்து, அரைக்கை; நீலம், சாம்பல், கறுப்பு. இரண்டு மாதம் மாற்றி மாற்றிப் போட்டு, துவைத்து, காயவைத்த பிறகே எழுதுகிறேன்.

தையல் பரவாயில்லை. தோளில் டேப் வைத்துத் தைத்திருக்கிறார்கள், அதனால் தொங்கவில்லை. கழுத்துப் பட்டியை (ரிப்) இழுத்துவிட்டால் பழைய இடத்துக்கு வந்து உட்காருகிறது. அடி மடிப்பில் ஃப்ளாட்லாக் என்கிற தட்டைத் தையல் நேராக ஓடுகிறது. கறுப்பில் மட்டும் கை மடிப்பில் இரண்டு இடத்தில் தையல் தாண்டியிருக்கிறது, பிசிறும் வெட்டவில்லை. என் டேபிளுக்கு வந்திருந்தால் குறை இருக்கிற இடத்தில் அம்பு ஸ்டிக்கர் ஒட்டி ஆல்டருக்கு, அதாவது திருத்தித் தைக்க, திருப்பியிருப்பேன்.

லேபிளில்தான் நான் அதிக நேரம் நின்றேன். 52 சதவீதம் பருத்தி, 48 சதவீதம் பாலியஸ்டர். கீழே ஆர்.என். என்று ஒரு எண். அமெரிக்காவில் விற்கும் துணிக்குப் போடுகிற எண் அது; ஆக, இந்த மாடல் அந்தச் சந்தைக்காகக் கணக்குப் போட்டுச் செய்தது. அந்த நாட்டின் வழக்கமான இறக்குமதி வரி பருத்தி டி-ஷர்ட்டுக்கு 16.5 சதவீதம், பாலியஸ்டர் டி-ஷர்ட்டுக்கு 32 சதவீதம். கலப்புத் துணி என்றால் எடையில் எது கூடுதலோ அதன் பேரில்தான் வரி. பாலியஸ்டர் நூல் பருத்தியைவிட மலிவு. அதனால் பாலியஸ்டரை ஏற்றுகிற வரைக்கும் ஏற்றி, வரிக்கோட்டுக்கு இந்தப் பக்கமே நிறுத்திக்கொள்கிறார்கள். ஃபேக்டரியில் இதைச் சி.வி.சி. துணி என்போம். அதன் விரிவே ‘சீஃப் வேல்யூ காட்டன்’, அதாவது மதிப்பில் பருத்திதான் பெரும்பங்கு என்பதுதான் என்று வேலையை விட்ட பிறகே தெரிந்துகொண்டேன். உங்கள் முதுகில் வியர்வை எவ்வளவு நேரம் தங்க வேண்டும் என்பதைக்கூடக் கஸ்டம்ஸ் அட்டவணை தீர்மானிக்கிறது பாருங்கள்.

அந்த அட்டவணையில் இன்னொரு கூத்தும் உண்டு. காஷ்மீர் கம்பளி ஸ்வெட்டருக்கு 4 சதவீதம். ஏழைபாழை போடுகிற அக்ரிலிக் ஸ்வெட்டருக்கு 32.

‘மேட் இன் பங்களாதேஷ்’ என்றிருக்கிறது. பஞ்சு எங்கே விளைந்தது, நூல் எங்கே திரித்தது என்று அதில் இருக்காது. துண்டுகளைச் சேர்த்துத் தைத்த இடத்தின் பேர்தான் அது. 2004 டிசம்பர் வரை துணிக்குக் கோட்டா இருந்தது. இந்த நாடு இத்தனை உருப்படிதான் அனுப்பலாம் என்று வரம்பு. 2005 ஜனவரி 1ஆம் தேதி அது போனது. சீனா எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ளும், வங்கதேசம் படுத்துவிடும் என்று பெரிய தலைகள் சொன்னார்கள். வங்கதேசம் வளர்ந்தது, அடி வாங்கியது ஆப்பிரிக்காவின் லெசோத்தோ மாதிரி சின்ன நாடுகள். வாங்குகிற நாட்டிலும் ஆள் இழப்பு உண்டு, அதை மறைக்கக் கூடாது. 1990இல் அமெரிக்காவில் உடை தைக்கும் வேலையில் 9 லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். இன்று ஒரு லட்சம்கூட இல்லை. வரி போட்டால் அந்த மெஷின்கள் திரும்ப ஓடும் என்று நம்புகிறவர்கள் ஒருமுறை தையல் லைனில் வந்து உட்கார்ந்து பார்க்கட்டும். துணியைப் பிடித்து ஊசிக்குள் தள்ளுவது இன்றைக்கும் மனிதக் கைதான். கூலி குறைந்த இடம் தேடித்தான் அந்த வேலை ஓடும்.

2025 ஏப்ரலில் வங்கதேசச் சரக்குக்கு 37 சதவீதம் என்று அமெரிக்கா அறிவித்தது. ஆகஸ்டில் 20க்கு இறங்கியது. பழைய வரிக்கு மேலே கூடுதலாக அப்போது போட்டது இது. வரியை ஏற்றுமதி செய்கிற நாடு கட்டுவதாகப் பலர் நினைக்கிறார்கள். துறைமுகத்தில் பணம் கட்டுவது இறக்குமதியாளர். கட்டிவிட்டு அவர் இரண்டு பக்கம் திரும்புவார்: கடையில் விலையை ஏற்றலாமா, ஃபேக்டரியிடம் டிஸ்கவுன்ட் கேட்கலாமா?

இரண்டாவது திசையில் நின்றவள் நான். வரிக்காக இல்லை, வேறு ஏதோ காரணத்துக்காக ஒரு சீசனில் எங்கள் பையர், அதாவது ஆர்டர் கொடுத்து வாங்குகிறவர், விலையைக் குறைத்தார். நூல் விலை குறையாது, கரன்ட் பில் குறையாது. மணிக்கு 90 பீஸ் என்றிருந்த டார்கெட் மறுநாள் 110 ஆனது. சம்பளம் அதே. பாத்ரூம் போக டோக்கன் வந்தது. அந்த மாதம் என் டேபிளில் குவிந்தது எது தெரியுமா? தாண்டிய தையலும் வெட்டாத பிசிறும். அதனால்தான் இந்தக் கறுப்பு டி-ஷர்ட்டின் கையைப் பார்த்ததும் எனக்குத் தைத்த பெண்மேல் கோபம் வரவில்லை.

வங்கதேசத்தில் தையல் வேலைக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 2023 டிசம்பரில் மாதம் 8,000 டாகாவிலிருந்து (அந்த நாட்டுப் பணம்) 12,500 ஆனது. தெருவில் இறங்கியவர்கள் கேட்டது 23,000. 2013 ஏப்ரல் 24இல் அங்கே தையல் ஃபேக்டரிகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் செத்தார்கள். முந்தின நாளே சுவரில் விரிசல் பார்த்தும் மறுநாள் வேலைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அதற்குப் பிறகுதான் பெரிய பிராண்டுகள் கட்டடப் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. வேலை போய்விடும் என்ற பயம் விரிசலைவிடப் பெரியது என்பது எனக்குத் தெரியும், நானும் காய்ச்சலோடு டேபிளில் நின்றிருக்கிறேன்.

சரி, வாங்கலாமா? முதல் துவைப்பில் நீளத்தில் ஒரு விரல் அகலம் சுருங்கியது, பிறகு நின்றுவிட்டது. ஒரு சைஸ் பெரிதாக எடுங்கள். கறுப்பிலும் சாம்பலிலும் அக்குள் பக்கம் உருண்டை உருண்டையாகப் பஞ்சு எழும்பிவிட்டது. அந்த 48 சதவீதத்தின் வேலை அது. பக்கத் தையல் கொஞ்சம் முன்னால் திருகி வருகிறது, இன் பண்ணிப் போட்டால் தெரியாது. சாயம் போகவில்லை. வெயிலில் நாள் முழுக்க நிற்பவர்களுக்கு வேண்டாம், முழுப் பருத்தியே எடுங்கள். ஏசி அறைக்கும் வீட்டுக்கும் போதும்.

ஐந்துக்கு மூன்று. நீலத்துக்கு மட்டும் நாலு.